ஆனைக்கல் பள்ளிக்கூடமும் நாவல்குழிப் பள்ளிக்கூடமும்

ஆனைக்கல்லில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது வார்த்தை நாவல்குழியாகத்தான் இருக்கும். அவர்கள் பூண்டு நம் பூண்டைவிடப் பருமனா, அவர்கள் கோயிலில் இந்த வருடம் யார் கொட்டு, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான், எல்லாம் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு, அதைவிட நம்முடையது உசத்தி என்று ஒருவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் சாப்பிட்ட சோறு செரிக்கும். நான் பூண்டியிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

நாவல்குழி எங்களுக்குக் கீழே இருக்கிறது. பூம்பாறை ரோட்டிலிருந்து பிரிகிற தார்ச்சாலை அந்த ஊரோடு நின்றுவிட்டது. எங்களுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு வருகிற ஜீப்புத் தடம் மட்டும்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் குறுக்காக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. முதலில் கேரட் காட்டு வரப்பு, பிறகு சோலைக்காடு, பிறகு ஒரு பக்கம் மேட்டில் வெளியூர்க்காரன் யாரோ காட்டேஜுக்காகப் போட்ட மின்வேலி, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வேலி வருவதற்கு முன்னால் காட்டுமாடுகள் அந்த மேட்டில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. வேலி வந்த பிறகு அவற்றுக்கும் அந்தப் பாதையைவிட்டால் வேறு வழி இல்லை.

இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு அரசுப் பள்ளிக்கூடம். இரண்டும் அஞ்சாப்பு வரைக்கும்தான். எங்களுடையது ஓட்டுக் கட்டடம், மழைக்காலத்தில் வகுப்பை மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுடையதில் தரையெல்லாம் டைல்ஸ், கக்கூஸில் தண்ணீர், சுவரில் பெரிய டிவி மாதிரி ஒரு போர்டு. பஞ்சாயத்துத் தலைவர் நாவல்குழிக்காரர், அதனால்தான் என்று எங்கள் ஊர் சொல்லும். அங்கே காலையில் போடுகிற கிச்சடியில் பருப்பு தெரிகிறது, இங்கே தண்ணிதான் தெரிகிறது என்று ஒருத்தி சொன்னால், அவங்க பிள்ளைகளுக்கு அ எழுதத் தெரியுமா, டைல்ஸைத் தொடைக்கத்தான் தெரியும் என்று இன்னொருத்தி சொல்வாள். இரண்டு பேருமே அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பருப்பும் டைல்ஸும் பொருட்டே இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பிள்ளை, சௌம்யா. அவளுக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதில், கிட்டே போய் உரக்கச் சொன்னால் ஏதோ கொஞ்சம் விழும். முகாமில் கொடுத்த காது மெஷின் இந்தக் குளிரில் ஈரம் ஏறி கீய் கீய் என்று கத்தும், அவள் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். அவள் கேட்பதெல்லாம் கண்ணால்தான். பேசுகிறவர் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பார்த்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். அவள் படித்து ஒரு வேலையில் உட்கார வேண்டும், என்னைப் போல அடுத்தவன் காட்டில் பூண்டு பிடுங்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் ஆசை. வேறு ஆசை எதுவும் எனக்கு அப்போதும் இல்லை.

ஆனைக்கல் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரே டீச்சர், பதுருன்னிசா. கொடைக்கானல் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, காய்கறி ஏற்ற வருகிற ஜீப்பில் சாக்குகளோடு சாக்காக உட்கார்ந்து மேலே வருவார். சௌம்யாவை முதல் நாள் பார்த்ததுமே அந்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றையிலிருந்து அவர் போர்டைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதி முடித்து, திரும்பி, சௌம்யாவுக்கு நேரே நின்று பிறகுதான் வாயைத் திறப்பார். மற்ற பிள்ளைகளையும் அப்படியே பழக்கினார். நாலாம் வகுப்பு முடிகிற சமயத்தில் என் மகள் பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படித்தாள். வார்த்தை கொஞ்சம் மழுங்கித்தான் வரும், ஆனால் எனக்குப் புரியும். எனக்கு அந்த ஒழுகுகிற கட்டடம்தான் கான்வென்ட்.

அந்தக் கோடையில் செய்தி வந்தது. இரண்டிலும் பிள்ளைகள் குறைச்சல், பக்கத்துப் பக்கத்தில் எதற்கு இரண்டு, அதிகாரி வந்து ஒப்பிட்டுப் பார்ப்பார், ஒன்று நிற்கும், மற்றது அதோடு சேரும். டீச்சர் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார். மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு, அதற்குத் தலைவி முருகேஸ்வரி. பிள்ளையைப் பெற்ற ஒரு தாய்தான் தலைவியாக இருக்க வேண்டுமாம். அவள் நாச்சிமுத்து மாமாவின் மருமகள். பெயருக்கு அவள், பேசுவதற்கு மாமா. இந்த மாமா என் மாமனாரின் தம்பி, ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் ஓடுகிற கால் அவருடையதுதான். ஆனால் நாவல்குழி என்ற பெயர் காதில் விழுந்துவிட்டால் புத்தி வேறு பக்கம் போய்விடும்.

டீச்சர் தெளிவாகத்தான் சொன்னார். “அதிகாரி வந்ததும் உள்ளதச் சொல்லுங்க. அந்தப் பாதையில காட்டுமாடு வருது, ரொம்ப டேஞ்சர், இந்தப் பிள்ளைங்க அங்க போக முடியாது, அந்தப் பிள்ளைங்க இங்க வர முடியாதுன்னு சொல்லுங்க. ரெண்டு ஸ்கூலையும் விட்டுருவாங்க. அப்படியே ஒண்ணை மூடினாலும் பிள்ளைங்களுக்கு வண்டி விட்டுத்தான் ஆகணும்.”

நாச்சிமுத்து மாமா மீசையைத் தடவினார். “அது சரிங்க டீச்சர். உள்ளதச் சொன்னா அவன் பள்ளிக்கூடமும்ல நெலைக்கும்?”

டீச்சருக்குப் புரியவில்லை. “நிலைக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?”

“பாதை நல்லா இருக்குன்னு காட்டுனாத்தான அவன் பிள்ளைக மேல வரலாம்னு எழுதுவாக? அவங்கிட்ட டைல்ஸ் இருக்கலாம். நம்மகிட்ட எடம் இருக்கு, தண்ணி இருக்கு, உங்கள மாதிரி டீச்சர் இருக்கீக. ஒப்பிட்டுப் பாக்கட்டும். அவன் பிள்ளைக நம்ம ஊருக்கு ஏறி வந்து படிக்கணும். அதத்தான் நான் கண்ணால பாக்கணும்.”

வராந்தா முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. எழுந்து நின்றேன். “ஏன் மாமா, அவுக பள்ளிக்கூடம் இருந்துட்டுப் போனா நமக்கு என்ன? நாளைக்கு மாத்தி எழுதிட்டாகன்னா நம்ம பிள்ளைகதான அந்தப் பாதையில எறங்கணும்?”

“ஏத்தா ஜோதி, ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயந்தான். ஒம் பிள்ளைக்குக் காது கேக்கலன்னா ஊரே செவிடாயிரணுமா?”

சிரித்தார்கள். முருகேஸ்வரிகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் ராஜமுருகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதுருன்னிசா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சு என்னை எவ்வளவு சுட்டது என்று இப்போது சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு அழுதேன், அவ்வளவுதான்.

பூண்டுக் காட்டில் காவல் இருப்பவர்களுக்கு ஒரு வேலை தெரியும். காட்டுமாடு இறங்கினால் தகர டின்னைத் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். மாடு சத்தம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் காட்டுக்குள் ஓடிவிடும். பரம்பரையாக எங்கள் ஆட்கள் இதைச் செய்து பூண்டைக் காப்பாற்றி வருகிறார்கள். அதிகாரி வருகிற அன்று வெள்ளனே அந்தக் காவல்காரர்கள் எல்லாரும் பாதைக்குப் போனார்கள். மேலேயிருந்து கீழே வரைக்கும் வெடியும் டின்னுமாக ஒரு கலக்குக் கலக்கி, சோலைக்குள் நின்ற மாடுகளை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். பாதையில் கிடந்த சாணியை மண்வெட்டியால் வழித்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். முள்ளை வெட்டினார்கள். ஊரே கல்யாண வேலை மாதிரி பார்த்தது.

அதிகாரி முதலில் நாவல்குழியைப் பார்த்துவிட்டு மேலே வருவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்கள் அவரை ஜீப்பில் ஏறவிடவில்லை. பிள்ளைகளுக்கு யூனிபாரம் மாட்டி, தலையை வாரிவிட்டு, கொட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கீழே போய், அந்த மனிதரை நடத்தியே கூட்டி வந்தார்கள். அவரும் பாவம், ரசித்துக்கொண்டே வந்தார். செல்போனில் படம் பிடித்தார். சோலைக்குள் நிழல், குருவிச் சத்தம், வரிசையாகப் பிள்ளைகள், முன்னால் கொட்டு. பார்க்கிற யாருக்கும் ஆசை வரும்.

“மாடு கீடு எதுவும் வருமா?” என்று நாச்சிமுத்து மாமாவைப் படம் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“எங்க சார், அதெல்லாம் பூம்பாறைக் காட்டுல. இங்கன பிள்ளைக கண்ணக் கட்டிக்கிட்டுப் போயிட்டு வரும்.”

நான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தேன். முன்னால் போய், “சார், இன்னிக்கு ஒரு நாள்தான் சார் இப்படி” என்று ஆரம்பித்தேன். மாமா கொட்டுக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர்கள் அடித்த அடியில் என் பேச்சு போன இடம் தெரியவில்லை. அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் உத்தரவு வந்தது. நிற்பது நாவல்குழி. அங்கே தார்ச்சாலை இருக்கிறது, கட்டடம் புதிது, கக்கூஸ் இருக்கிறது. ஆனைக்கல் பிள்ளைகள் அங்கே சேர வேண்டும். பதுருன்னிசா டீச்சரை ஆத்தூர்ப் பக்கம் எங்கோ கீழே மாற்றிவிட்டார்கள். போகிற அன்று அந்தம்மா சௌம்யாவின் முகத்துக்கு நேரே குனிந்து, “நல்லாப் படிக்கணும், என்ன?” என்றார். சௌம்யா தலையாட்டினாள். டீச்சர் ஜீப்பில் ஏறும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பார்.

மாமாவும் நாலு பேரும் கொடைக்கானலுக்குப் போய் வண்டி கேட்டார்கள். காட்டுமாடு வருகிறது, பாதை மோசம் என்றார்கள். அதிகாரி ஒன்றும் கோபப்படவில்லையாம். செல்போனை எடுத்து அந்தப் படத்தைப் போட்டாராம். கொட்டுச் சத்தம், பிள்ளைகள், அப்புறம் மாமாவின் குரல். இங்கன பிள்ளைக கண்ணக் கட்டிக்கிட்டுப் போயிட்டு வரும். இதையேதான் மேலதிகாரிக்கும் அனுப்பியிருக்கிறேன், இப்போது நானே எப்படி மாற்றிச் சொல்வது என்றாராம். மாமா திரும்பி வந்து நேரே போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். கூடப் போனவர்கள்தான் ஊருக்குச் சொன்னார்கள்.

ஆக, பிள்ளைகள் இறங்கினார்கள். சில பேர் கெட்டிக்காரத்தனமாகப் பிள்ளைகளைக் கன்னிவாடியில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில பேர் பூண்டு உரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் உரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மிச்சம் இருந்தவர்களில் நாங்கள். நான் காட்டு வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு, தினமும் சௌம்யாவைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன்.

மாமா ஒரு நாள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் எண்ணெய் டின், ஒரு கம்பு. “நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க” என்றார். அன்றையிலிருந்து காலையும் மாலையும் வந்தார். வளைவு வரும்போதெல்லாம் எங்களை நிறுத்திவிட்டு முன்னே போய்ப் பார்ப்பார், டின்னைத் தட்டுவார், பிறகு வாங்க என்று கத்துவார். அவர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அந்த நாட்களில் கொஞ்சம் அடங்கியது உண்மை.

நாவல்குழிப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். சுத்தமாக இருந்தது. கிச்சடியில் பருப்பு இருந்தது. சிவமுருகன் சார் அடிக்காத மனிதர். ஆனால் அந்தப் பெரிய போர்டு இருக்கிறதே, அதில் படம் ஓடும், சார் அதைத் தொட்டுத் தொட்டு அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். அவர் முதுகும் பின்னந்தலையும்தான் பிள்ளைகளுக்கு. சௌம்யாவுக்கு அந்த முதுகிலிருந்து என்ன கிடைக்கும்? நான் போய்ச் சொன்னேன். “அடடா, முன்னாடி உக்கார வச்சிருவோம்மா” என்றார். முன்னால் உட்கார வைத்தார், அது வரைக்கும் சரி. ஆனால் திரும்பிப் பேச வேண்டும் என்பது அவருக்கு அரைமணி நேரம்கூட ஞாபகம் இருக்காது. மறுபடி போனேன், மறுபடி அடடா என்றார். நல்ல மனிதரிடம் எத்தனை தடவை சண்டை போட முடியும்?

என் மகள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தினாள். நாவல்குழிப் பிள்ளைகள் அவள் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுமாம். ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “டீச்சர் எப்ப வரும்?” என்று கேட்டாள். நான், “வரும்” என்றேன். அவள் என் வாயை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அதில் தெரிந்ததோ என்னவோ, கையை எடுத்துவிட்டாள்.

கார்த்திகையில் மேகம் தரைக்கு இறங்கிவிடும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் நிழலாகத்தான் தெரிவான். அன்றைக்கும் அப்படித்தான். முருகேஸ்வரிக்குக் காய்ச்சல், அவள் மகள் கண்மணி நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள், ஒண்ணாப்புப் பிள்ளை. நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கைக்கு வேலை வந்துவிட்டதால் சௌம்யாவை எனக்கு முன்னால் நடக்கவிட்டேன். அவளுக்கு முன்னால் மற்ற பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால் மாமா.

வேலிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிற வளைவில் மாமா எங்களை நிறுத்திவிட்டு முன்னே போனார். மேகத்துக்குள் அவர் முதுகு மறைந்தது. அவர் கடந்துபோன இடத்தில், வேலியோரப் புதருக்குள், மாடு நின்றிருக்கிறது. அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அவர் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்று வழக்கம்போல் டின்னைத் தட்டினார்.

பூண்டுக் காட்டில் மாட்டுக்கு ஓடுவதற்கு ஒரு காடு இருக்கும். இங்கே ஒரு பக்கம் கரண்டு வேலி, ஒரு பக்கம் பள்ளம், முன்னால் டின். அதற்கு மிச்சம் இருந்தது நாங்கள் நின்ற பக்கம்தான். அந்தப் பக்கம்தான் அது வந்தது. மாமாவுக்கு அது தெரியாது. மேகத்துக்குள் குளம்புச் சத்தம் கேட்டு, மாடு பயந்து ஓடுகிறது என்று இன்னும் பலமாகத் தட்டினார்.

முன்னால் நின்ற பிள்ளைகள் வீல் என்று கத்திக்கொண்டு வேலிப் பக்கத்து மண்சரிவில் ஒட்டிக்கொண்டன. நான் கண்மணியைச் சரிவில் எறிந்த மாதிரி போட்டேன். “ஒதுங்கு சௌம்யா, ஒதுங்கு!” என்று கத்தினேன். என் தொண்டை கிழிந்திருக்கும். அவளுக்கு ஏதோ விழுந்திருக்கிறது, இல்லை நான் கையை ஆட்டியது கண்ணோரத்தில் பட்டிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று பிடிப்பதற்காக, பாதைக்கு நட்டநடுவில், மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளத்திலிருந்து அவளைத் தூக்கி வந்தவர்கள் நாவல்குழி ஆட்கள். அவர்கள் ஊர் ஜீப்பில்தான் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிவமுருகன் சார் முன்சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். பூம்பாறை தாண்டும் முன்பே என் மடியில் பிள்ளை ஆறிப்போயிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜீப்பை மெதுவாக ஓட்டுவார்கள் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வராதவர்கள் யார்? வனத்துறை வந்தது, தாசில்தார் வந்தார், படம் பிடித்த அதிகாரியும் வந்தார். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். போய்விட்டார். பதுருன்னிசா டீச்சர் பஸ் மாறி மாறி வந்து, என் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் அன்றையிலிருந்து நாச்சிமுத்து மாமா வீட்டுப் பக்கம் போவதில்லை. மாமா ஒரு முறை எங்கள் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டுத் திரும்பினார். அவரைத் திட்ட வேண்டும் என்று நான் நாள் கணக்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தைகள் போதாது என்று தெரிந்தது.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வண்டி வந்தது. மஞ்சள் வேன். ஜீப்புத் தடத்தில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். தடத்துக்கு ஜல்லிகூடப் போட்டார்கள். டீச்சர் அன்றைக்கு வராந்தாவில் சொன்ன அதே வண்டி. ஊரே கூடி நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். நான் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன்.

முருகேஸ்வரி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் குரல் உசந்துவிட்டது. “பாத்தியாக்கா, நாவல்குழிப் பிள்ளைக இன்னும் நடந்துதான் பள்ளிக்கூடம் போகுதுக. நம்ம பிள்ளைகளுக்குத்தான் வண்டி. வயித்தெரிச்சல்ல சாகட்டும்.”

சொல்லி முடித்துத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். குடம் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது. வெறுத்துவிட்டது எனக்கு. இந்த ஊர், அந்த ஊர், இரண்டு பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் ஒரே நெருப்பில் போட்டால் தேவலை என்று இருந்தது.

அன்று மத்தியானம் மாமா வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“வண்டியில பிள்ளைகளப் பாத்துக்கிற ஒரு பொம்பள ஆளு வேணுமாம்த்தா. இல்லாட்டி வண்டிய நிறுத்திருவாகளாம். ஊர்ல யாரும் வர மாட்டேங்குறாக. பயப்படுறாக.”

“எதுக்குப் பயம்? அதான் வண்டியாச்சே.”

“பொறுப்பு வந்துரும்னு பயம். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா…” அவர் நிறுத்தினார். “ஒன்ட்ட கேக்க எனக்கு வாயில்ல. கேக்காம இருக்கவும் முடியல. இருக்கிற பிள்ளைகளாச்சும் படிக்கட்டும் தாயி.”

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, “போகச் சொல்லு இந்தாள” என்றார்.

“வர்றேன்னு சொல்லிருங்க” என்றேன்.

ஜோதிக்கு எம்புட்டுப் பெரிய மனசு, பெத்த பிள்ளையப் பறிகுடுத்துட்டு ஊர்ப் பிள்ளைகளப் பாக்கப் போறா என்று ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருத்தியும் தினமும் காலையில் தன் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் அது முழுசாகத் திரும்பி வருகிறதா என்று தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வேன் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றேன். முருகேஸ்வரி தூரத்திலேயே நின்றுகொண்டு, “ஓடு, ஓடிப் போயி ஏறிக்க” என்று கண்மணியைத் தள்ளிவிட்டாள். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

“நில்லு கண்மணி” என்றேன். பிள்ளை நின்றது. “முருகேசு, பிள்ளைய அப்படி விடாத. நீ வந்து என் கையில குடு.”

அவள் வந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை, விட முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் அவளாக விடட்டும் என்று காத்திருந்தேன்.